குழாய்க்குள் சிக்கிய குரல்

எங்கள் பெரியம்மா பாடிய தாலாட்டு ஒன்று காஸெட்டில் இருந்தது. 1984-ல் கூடத்து ஊஞ்சலில் உட்கார்ந்து, யாருடைய குழந்தையையோ மடியில் போட்டுக்கொண்டு அவள் பாடியதை, யாரோ ஒரு புண்ணியவான் டேப் ரிக்கார்டரில் பிடித்து வைத்திருந்தார். பெரியம்மா காலமாகிப் பல வருஷம் ஆன பிறகு, என் அக்காள் மகன் அந்தக் காஸெட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றினான். ஏற்றிய கையோடு பழைய டேப் ரிக்கார்டர் நாடாவைத் தின்றுவிட்டது. அதனால் என்ன, கம்ப்யூட்டரில்தான் பத்திரமாக இருக்கிறதே என்று எல்லோரும் சமாதானம் செய்துகொண்டோம்.

பையன் அத்தோடு விடவில்லை. இரைச்சலை நீக்கினான், கொஞ்சம் எதிரொலி சேர்த்தான். பிறகு எங்கள் எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வைத்து, "மாமா, இப்பக் கேட்டுப் பாருங்க, எவ்வளவு சுத்தமா இருக்கு!" என்றான். சுத்தமாகத்தான் இருந்தது. கோயில் மண்டபத்தில் நின்று யாரோ பாடுவது போல் இருந்தது. அக்கா கடைசிவரை கேட்டுவிட்டு, "ஊஞ்சல் எங்கேடா?" என்றாள்.

ஊஞ்சல் சங்கிலியின் கிறீச் சத்தம் போயிருந்தது. பெரியம்மா அடி எடுத்துப் பாடியதே அந்தச் சத்தத்தை வைத்துத்தான். இப்போது தாளம் இல்லாத பாட்டு ஒன்று ஆகாசத்தில் தொங்கியது. "பழையபடி ஆக்கு" என்றேன். பையன் முகம் சுருங்கிவிட்டது. "ரெண்டர் போட்டு அது மேலேயே சேவ் பண்ணிட்டேன், மாமா. இனிமே வராது" என்றான்.

ரெண்டர் என்ற வார்த்தையை நம் சினிமாக்காரர்கள் தினமும் சொல்கிறார்கள். "ரெண்டர் ஓடுது, ஒரு காபி குடிச்சிட்டு வரலாம்" என்பார்கள். விஷயம் இதுதான். கம்ப்யூட்டருக்குக் காது கிடையாது. அதற்குப் பாட்டு என்பது எண்களின் வரிசை. காம்பாக்ட் டிஸ்க் கணக்கில் ஒரு விநாடிக்கு 44,100 எண்கள். எதிரொலி வேண்டும், இரைச்சல் வேண்டாம், குரல் கனமாக வேண்டும் என்று நாம் சொல்லும் மாற்றங்களையெல்லாம் அந்த எண்களின் மேல் கணக்காகப் போட்டு, விடையாக வரும் புதிய எண்களை வரிசையாக எழுதி வைக்கிறது. அப்படி எழுதி முடிப்பதற்குத்தான் ரெண்டர் என்று பெயர். பால் தயிராவது மாதிரி. தயிரிலிருந்து பாலை யாரும் எடுத்ததில்லை.

எடுக்க முடியுமா என்று ஒரு மனுஷர் முயன்று பார்த்தார். ஓரளவுக்கு எடுத்தும் காட்டினார். அந்தக் கதையைச் சொல்வதற்குத்தான் இவ்வளவு பீடிகை. அது இத்தாலியில் ஒரு ஹோட்டல் அறையில் தொடங்குகிறது.

1902-ம் வருஷம் ஏப்ரல் மாதம் மிலான் நகரத்துக்கு பிரெட் கெய்ஸ்பர்க் என்ற அமெரிக்கர் வந்து சேர்ந்தார். லண்டன் கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவு நிபுணர். அந்த ஊர் நாடக அரங்கில் பெயர் வாங்கிக்கொண்டிருந்த என்ரிகோ காருஸோ என்ற இளம் பாடகரின் குரலைப் பிடிக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. பத்துப் பாட்டுக்கு நூறு பவுன் கேட்டார் காருஸோ. லண்டனுக்குத் தந்தி போயிற்று; இது அநியாயத் தொகை, கூடாது என்று பதில் வந்தது; தந்தியைப் பையில் போட்டுக்கொண்டு காரியத்தை நடத்திவிட்டேன் என்று கெய்ஸ்பர்க் தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். இந்த மாதிரிக் கதைகள் சொல்லச் சொல்ல வளரும் என்பது எழுதுகிறவர்களுக்குத் தெரியும். ஆனால் ஏப்ரல் 11-ந் தேதி கிராண்ட் ஹோட்டலில் பத்துப் பாட்டுகள் பதிவானது நிஜம். அதற்கு முந்தின வருஷம் ஜனவரியில், அதே ஹோட்டலில்தான் இசை மேதை வெர்தி உயிர் நீத்தார்.

அதே வருஷம் அதே கெய்ஸ்பர்க் கப்பலேறிக் கல்கத்தாவுக்கு வந்தார். நவம்பர் மாதத்தில் கௌஹர் ஜானின் குரலைப் பதிவு செய்தார். பாட்டு முடிந்ததும் அந்த அம்மாள் இங்கிலீஷில் தம் பெயரைச் சொல்லி முடிப்பதைப் பழைய பிளேட்டில் இன்றும் கேட்கலாம். வெறும் ஜம்பம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல, தட்டுகளை அச்சிட்டது ஜெர்மனியில் ஹானோவர் நகரத்துத் தொழிற்சாலை. அங்கே இருப்பவர்களுக்கு எந்தத் தட்டில் யார் பாடியது என்று தெரிய வேண்டாமா?

மிலானிலும் கல்கத்தாவிலும் கெய்ஸ்பர்க்கிடம் இருந்த சாதனம் ஒன்றே. பெரிய தகரக் குழாய். ஊமத்தம்பூ மாதிரி வாய் விரிந்தது. குறுகிய முனையில் மெல்லிய தகடு. தகட்டோடு ஓர் ஊசி. ஊசிக்குக் கீழே சுழலும் மெழுகுத் தட்டு. மின்சாரம் கிடையாது, மைக் கிடையாது. பாடுகிறவர் குழாய்க்குள் பாடினால் காற்று அதிர்ந்து, தகடு அதிர்ந்து, ஊசி மெழுகைக் கீறும். மெதுவாகப் பாடும்போது முகத்தைக் குழாய்க்குள் நுழைக்க வேண்டும். உச்ச ஸ்தாயியில் பின்னால் விலக வேண்டும். விலகத் தெரியாத வித்வானின் தோளைப் பிடித்துப் பின்னால் இழுப்பதும் உண்டு. சாதாரணப் பிடில் எடுபடாது என்று, மரப்பெட்டிக்குப் பதில் உலோகக் குழாய் வைத்த பிடில் ஒன்றைத் தயார் செய்து அதையே வாசித்தார்கள்.

இப்படிப் பிடித்த குரலில் குழாயும் சேர்ந்தே பாடும் என்பதுதான் சங்கடம். காலிக் குடத்துக்குள் வாயை வைத்துப் பேசிப் பாருங்கள். சில ஸ்வரங்களைக் குடம் தூக்கிக் கொடுக்கும்; சிலவற்றை விழுங்கிவிடும். தகரக் குழாயும் அப்படித்தான். மனிதச் செவிக்கு, விநாடிக்கு 20 அதிர்விலிருந்து 20,000 அதிர்வுவரை கேட்கும் என்பார்கள். குழாய் பிடித்தது ஏறக்குறைய 200-லிருந்து 2,000-க்குச் சற்று மேல் வரைதான். அந்தக் குறுகிய சந்துக்குள்ளும் ஒரே சீராகப் பிடிக்கவில்லை. மேடும் பள்ளமுமாகப் பிடித்தது. நாம் பழைய பிளேட்டுகளைக் கேட்டு, "அந்தக் காலத்து ஆசாமிகள் மூக்கால் பாடியிருக்கிறார்கள்" என்று சிரிக்கிறோமே, அந்த மூக்கு பாதிக்குமேல் தகரத்தின் மூக்கு.

காருஸோ அதற்குப் பிறகு அமெரிக்கா போய், விக்டர் கம்பெனிக்காக 1904-லிருந்து 1920 வரை பாடித் தள்ளினார். கிராமபோனால் காருஸோ வளர்ந்தாரா, காருஸோவால் கிராமபோன் வளர்ந்ததா என்று கேட்டால் பதில் சொல்வது சிரமம். 1921 ஆகஸ்டில், 48-வது வயதில், நேப்பிள்ஸில் இறந்துபோனார். மைக் வைத்து மின்சாரத்தில் ஒலிப்பதிவு செய்யும் முறை வியாபாரத்துக்கு வந்தது 1925-ல். நான்கு வருஷம் தவறிவிட்டது.

புதிய முறை வந்ததும் பழைய பிளேட்டுகள் விலைபோகவில்லை. கம்பெனிக்காரர்கள் யோசித்தார்கள். 1932-ல் ஒரு காரியம் செய்தார்கள். காருஸோவின் பழைய தட்டைச் சுழலவிட்டு, அவர் பாடப் பாட, புது வாத்தியக் கோஷ்டி ஒன்றை உடன் வாசிக்க வைத்து, இரண்டையும் சேர்த்துப் புதிய தட்டில் பதிவு செய்தார்கள். பத்து வருஷத்துக்கு முன் இறந்துபோன மனுஷர் இஷ்டப்படி நீட்டுகிறார், நிறுத்துகிறார். உயிரோடிருப்பவர்கள் அதை அனுசரித்துப் பின்னால் ஓடுகிறார்கள். பழைய வாத்தியங்களோ அடியில் ஈனஸ்வரத்தில் இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கின்றன! புதுச் சுண்ணாம்புக்கு அடியில் பழைய சித்திரம் தெரிகிற மாதிரி. என் அக்காள் மகன் செய்ததற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: அவர்கள் பழைய தட்டை உடைத்துப் போடவில்லை.

இனிக் கம்ப்யூட்டருக்கு வருவோம். 1957-ல் அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிக் கூடத்து மாக்ஸ் மாத்யூஸ் என்பவர், ஐ.பி.எம். 704 என்ற பெரிய யந்திரத்தைக் கொண்டு 17 விநாடி இசை ஒன்றைச் செய்தார். அந்த யந்திரம் இருந்தது நியூயார்க்கில் ஐ.பி.எம். கம்பெனியின் அலுவலகத்தில். எண்களை ஒலியாக மாற்றும் கருவி இருந்ததோ பக்கத்து மாகாணமான நியூஜெர்ஸியில், ஆராய்ச்சிக் கூடத்தில். நியூயார்க்குக்குப் போய், கணக்கைப் போட்டு, விடையைக் காந்த நாடாவில் எழுதி வாங்கிக்கொண்டு, நாடாவோடு திரும்பி வந்து, கருவியில் மாட்டினால்தான் என்ன கேட்கும் என்று தெரியும். ரெண்டர் ஓடும்போது காபி குடிக்கப் போகிற நம் பிள்ளைகள் இந்தப் பிரயாணத்தைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

ஒலியை எண்ணாக்கி, எண்ணைக் கணக்கால் மாற்றி, மறுபடியும் ஒலியாக்கலாம் என்று ஆனவுடன், சிலருக்குத் தலைகீழான யோசனை ஒன்று தோன்றியது. கணக்கால் எதிரொலியைச் சேர்க்க முடியுமானால், கணக்கால் அதை எடுக்கவும் முடியாதா? அப்படி யோசித்தவர்களில் முக்கியமானவர் தாமஸ் ஸ்டாக்கம். 1933-ல் பிறந்தவர்; எம்.ஐ.டி.யில் வேலை பார்த்துவிட்டு 1968-ல் யூட்டா சர்வகலாசாலைக்குப் போனார். அங்கே காருஸோவின் பிளேட்டைக் கையில் எடுத்தார்.

இரைச்சலை எடுப்பது வேறு, குழாயை எடுப்பது வேறு. ஊஞ்சல் சத்தம் பெரியம்மாவின் குரலோடு கூட்டலாகச் சேர்ந்தது. பாட்டு நிற்கும் இடத்தில் சத்தத்தை மட்டும் கொஞ்சம் மாதிரிக்கு எடுத்துக்கொண்டு, அந்த அளவைப் பாட்டு முழுவதிலும் கழித்துவிடலாம். அக்காள் மகனின் கம்ப்யூட்டர் செய்தது அதைத்தான். குழாயோ குரலோடு பெருக்கலாகச் சேர்கிறது. காருஸோ நிறுத்தினால் குழாயும் நிற்கும். அதைத் தனியாக மாதிரிக்கு எடுக்க வழியில்லை. அந்தக் குழாய்களும் எங்கே போயினவோ! யார் எந்தக் குழாயில் எந்தப் பாட்டைப் பாடினார்கள் என்பதற்குக் கணக்கும் இல்லை.

ஸ்டாக்கம் கண்ட வழி அழகானது. ஒரு கீறல் விழுந்த கண்ணாடி வழியாக ஆயிரம் பேரைப் போட்டோ எடுத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதித்தால் என்ன ஆகும்? முகங்கள் எல்லாம் கலைந்து மங்கலாகிவிடும். கீறல் மட்டும் ஒரே இடத்தில் பளிச்சென்று நிற்கும். அதே மாதிரி பாட்டை மிகச் சிறு துண்டுகளாக வெட்டினார். ஒவ்வொரு துண்டிலும் எந்த ஸ்தாயியில் எவ்வளவு பலம் என்று அளந்தார். பெருக்கலைக் கூட்டலாக்க, நாம் பள்ளிக்கூடத்தில் கிளார்க்ஸ் டேபிள்ஸ் வைத்துக்கொண்டு அழுதோமே, அந்த லாகரிதத்தை உபயோகித்தார். எல்லாத் துண்டுகளுக்கும் சராசரி எடுத்தார். பாட்டு க்ஷணத்துக்கு க்ஷணம் மாறுகிறது, குழாய் மாறுவதில்லை. ஆகவே சராசரியில் குழாய் தங்கிவிடும்.

ஆனால் குழாய் மட்டும் தங்காது. அந்தப் பாட்டுக்கும் அந்தக் குரல் ஜாதிக்கும் உரிய பொதுச் சாயலும் கொஞ்சம் தங்கும். அதைப் பிரிக்க என்ன செய்வது? நல்ல மைக்கில் பதிவான பிற்காலத்துப் பாடகர் ஒருவர் அதே பாட்டைப் பாடிய தட்டை எடுத்து, அதற்கும் அதே மாதிரி சராசரி கண்டார். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தார். மிஞ்சியது குழாய். குழாய் எங்கே மேடோ அங்கே தாழ்த்தி, எங்கே பள்ளமோ அங்கே உயர்த்தி, முழுப் பாட்டையும் மறுபடி கணக்கிட்டு எழுதச் சொன்னார். கம்ப்யூட்டர் எழுதிக் கொடுத்தது. 1976-ல் ஆர்.ஸி.ஏ. கம்பெனி அந்த முறையில் துலக்கிய காருஸோ பாட்டுகளை இசைத்தட்டாக வெளியிட்டது.

இந்த முறையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஓரிடம் உறுத்துகிறது. காருஸோவின் குரல் எப்படி இருந்திருக்க வேண்டும் என்று தீர்மானிக்க இன்னொரு பாடகரின் குரல் அல்லவா அளவுகோலாக நின்றது? காணாமற்போன அண்ணனின் சட்டையைத் தம்பி உடம்பில் வைத்து அளவு பார்த்துத் தைத்தது போல. ஸ்டாக்கம் இதை மறைக்கவில்லை. முறையின் ஒரு படியாகவே எழுதி வைத்தார். அதற்குமேல், குழாய் அடியோடு விழுங்கிவிட்ட ஸ்வரங்களை எந்தக் கணக்கும் திருப்பித் தராது. பள்ளத்தைத் தூர்க்க மண் போட்டால் தட்டின் இரைச்சலும் கூடவே மேலெழும்பும். எங்கே நிறுத்துவது என்பது கடைசியில் காதின் தீர்ப்பு. கணக்கின் தீர்ப்பு அல்ல.

இல்லாததை வரவழைக்க முடியாது என்பதை இதே ஸ்டாக்கம் வேறொரு சந்தர்ப்பத்தில் அமெரிக்க தேசத்துக்கே சொல்ல நேர்ந்தது. ஜனாதிபதி நிக்ஸன் தம் அறையில் நடந்த பேச்சுகளை ரகசியமாகப் பதிவு செய்து வைத்திருந்தார். 1972 ஜூன் 20-ந் தேதி நாடாவில் பதினெட்டரை நிமிஷம் பேச்சே இல்லை, வெறும் ரீங்காரம். தவறுதலாகக் கால் பட்டு அழிந்திருக்கலாம் என்று சமாதானம் சொன்னார்கள். நீதிமன்றம் ஆறு நிபுணர்களை நியமித்தது. ஸ்டாக்கம் அவர்களில் ஒருவர். 1974-ல் அவர்கள் கொடுத்த முடிவு: குறைந்தது ஐந்து தடவை தனித்தனியாகப் பொத்தானை அழுத்தி அழித்திருக்கிறார்கள். எத்தனை தடவை, எந்தப் பொத்தானில் என்றுகூடக் காந்தத் தடயங்களைப் பார்த்துச் சொல்ல முடிந்தது. பேசியது என்ன என்று மட்டும் சொல்ல முடியவில்லை. பேச்சு போனது போனதுதான்.

காருஸோவை அதற்குப் பிறகும் விடவில்லை. யூட்டாவில் ஸ்டாக்கத்தின் மாணவர் நீல் மில்லர், குரலை வாத்தியங்களிலிருந்து பிரித்து, தனிக் குரலாக மறுபடி உண்டாக்கிப் பார்த்தார். அந்தத் தனிக் குரலை வாங்கி 1980-ல் சார்லஸ் டாட்ஜ் என்ற இசையமைப்பாளர் பியானோவோடு சேர்த்து ஒரு வேடிக்கையான உருப்படியே செய்துவிட்டார். பக்கவாத்தியத்தைத் தொலைத்த பாடகர் அதைத் தேடி அலைகிற மாதிரி இருக்கும். இந்த நூற்றாண்டு பிறக்கும் சமயத்தில் வியன்னா வாத்தியக் கோஷ்டி ஒன்றை அவர் குரலுக்குப் பின்னால் புதிதாக வைத்து மறுபடியும் ஓர் ஆல்பம் வந்தது. 1932-ல் செய்ததைத்தான் இப்போது இன்னும் நேர்த்தியாகச் செய்தார்கள்.

ஸ்டாக்கம் சர்வகலாசாலைக் கம்ப்யூட்டரில் பாடுபட்டுச் செய்த ஜாதி வேலைகளை இன்று கல்லூரிப் பையன் மடியில் வைத்துக்கொண்டு செய்கிறான். ஆடாஸிட்டி என்ற இலவச மென்பொருள் 2000-ல் வெளிவந்தது. அது பல வருஷம், எதிரொலியோ இரைச்சல் நீக்கமோ எதைப் போட்டாலும் நேராக எண்களையே மாற்றி எழுதும் வழக்கமுடையதாக இருந்தது. பாட்டு ஓடும்போதே மாற்றத்தைப் போட்டுக் கேட்டு, பிடிக்காவிட்டால் கழற்றிவிடும் வசதி 2022-ல்தான் அதில் வந்தது. பெரிய ஒலிக்கூடங்களில் உபயோகிக்கும் மென்பொருள்களில் அந்த வசதி அதற்கு வெகு நாள் முன்பே உண்டு. முகத்துக்குப் பூசிய மஞ்சளுக்கும் பச்சை குத்தியதற்கும் உள்ள பேதம் அது. ஆனாலும் கடைசியில் யாருக்காவது அனுப்ப வேண்டுமானால் ரெண்டர் போட்டே தீர வேண்டும். அப்போது மஞ்சளும் பச்சையாகிவிடும். பூசாத முகத்தை வேறு பெயரில் தனியாக வைத்திருந்தால்தான் உண்டு. எங்கள் வீட்டில் நடந்தது அதில்தான் பிசகியது. அந்தப் பையனைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நல்லது செய்யத்தான் நினைத்தான்.

அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2011-லிருந்து விக்டர் கம்பெனியின் குழாய்க் காலத்துப் பதிவுகளை இணையத்தில் எல்லோரும் கேட்கும்படி வைத்திருக்கிறது. 1907-ல் காருஸோ பாடிய கோமாளியின் பாட்டு அதில் இருக்கிறது. மனைவி கைவிட்டாள் என்று தெரிந்த பிறகும் ஜனங்களைச் சிரிக்க வைக்க வேஷம் கட்ட வேண்டிய ஒரு நாடகக்காரனின் புலம்பல். ஒரு நாள் மாலை அக்காவுக்கு அதைப் போட்டுக் காட்டினேன். முதலில் அடுப்பில் எண்ணெய் காய்கிற மாதிரி இரைச்சல். அதற்கு அப்பால், தூரத்தில், தகரத்துக்குள்ளிருந்து ஒரு குரல். பிறகு ஸ்டாக்கம் துலக்கிய காருஸோவையும் போட்டேன். குரல் ஓரடி முன்னால் வந்து நின்றது, நெஞ்சு விரிந்திருந்தது. என் காதுக்கு இதில் உடம்பு இருக்கிறது. கொஞ்சம் அந்நியமாகவும் இருக்கிறது.

அக்கா இரண்டையும் கேட்டாள். "இவர் எந்த ஊர்க்காரர்?" என்றாள். நேப்பிள்ஸ் என்றேன். 48 வயதில் போய்விட்டார் என்றேன். "பாவம்" என்றாள். அப்புறம், "அந்த முதல்ல போட்டியே, இரைச்சலோட, அதை இன்னொரு தடவை போடு" என்று சொல்லிவிட்டு, முறத்தில் கீரையை எடுத்து வைத்துக்கொண்டு ஊஞ்சலில் உட்கார்ந்தாள்.